விற்காத வீடும் ‘தரகர் வேண்டாம்’ பலகையும்: எங்கே அடைத்திருக்கிறது என்று பார்க்கும் வழி

தாம்பரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவே பதினேழு வருடமாகப் பழைய வீடுகளை விற்றுக் கொடுக்கிறேன். என்னிடம் தொழில் பழக வரும் பையன்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: “வீட்டுக்காரர் வீட்டை நம்மிடம் தர மாட்டேன் என்கிறார், என்ன பேசினால் தருவார்?” பேசி வாங்கிய வீடு என்று என் கணக்கில் அதிகம் இல்லை. அந்த வீடு ஏன் விற்கவில்லை என்று அவருக்குத் தெரிவதற்கு முன்பே நாம் கண்டுபிடித்திருந்தால் சாவியை அவரே எடுத்துக் கொடுப்பார்.

ஆகவே பேச்சுப் பயிற்சி எதுவும் இங்கே இல்லை. உங்கள் கண்ணில் படும் அறிகுறியைப் பார்த்து அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் சோதியுங்கள். கடைசிக் காரணத்தில் கை வைப்பதற்குள் பாதி வீடுகளின் சிக்கல் தீர்ந்துவிடும்.

அறிகுறி 1: ‘உரிமையாளர் நேரடி விற்பனை, தரகர்கள் வேண்டாம்’ என்று பலகை. போன் செய்தால் வைத்துவிடுகிறார்

நேரம் தவறாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை விளம்பரம் வந்தால் அன்று மாலைக்குள் அவருக்கு முப்பது அழைப்பு வந்திருக்கும், அதில் இருபத்தைந்து நம் ஆட்களுடையது. இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். பலகையில் மழைத் துளி பட்டு எண் கரையத் தொடங்கும்போது அவருடைய குரலும் கொஞ்சம் இறங்கியிருக்கும். போனைவிட நேரில் போவது நல்லது. மாலை ஐந்து மணிக்கு மேல், விளக்கு வைப்பதற்கு முன். காசு கொடுத்து எண் பட்டியல் வாங்கி மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்பும் வேலை மட்டும் வேண்டாம். தொந்தரவு வேண்டாம் என்று பதிந்து வைத்தவர் புகார் கொடுத்தால் உங்கள் எண் முடங்கும்.

முதல் வாக்கியம் தவறாக இருக்கலாம். “சார், ஒரு பார்ட்டி கையில் இருக்கிறது, உடனே முடித்துவிடலாம்.” இதைச் சொல்லாத தரகர் கிடையாது. பெரும்பாலும் கையில் பார்ட்டியும் கிடையாது. வீட்டுக்காரர் மனைவியிடம் சொல்லி வீட்டைத் துடைத்து, வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டுக் காத்திருப்பார். யாரும் வர மாட்டார்கள். அப்படி நாலு முறை காத்திருந்தவர்தான் அந்தப் பலகையை எழுதுகிறார்.

சேலையூரில் ஒரு பெரியவர் ஒரு கோடு போட்ட நோட்டையே எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். தேதி, தரகர் பெயர், ‘நாளை பார்ட்டி’ என்று ஒரு வரி, அதற்கு எதிரே சிவப்பு மையில் ‘வரவில்லை’. மொத்தம் பதினான்கு வரி. நான் வீட்டைக் கேட்கவில்லை. அவருடைய பேனாவையே வாங்கிப் பதினைந்தாவது வரியை எழுதினேன்: நாளை மாலை 5 மணி, தனியாக, அளவு நாடாவுடன். மறுநாள் ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வாசலில் நின்றேன். அவர் நோட்டைத் திறந்து டிக் போட்டுவிட்டுத்தான் கதவைத் திறந்தார். பலகை இன்னும் பத்து நாள் தொங்கியது, பிறகு அவரே கழற்றினார்.

பழைய காயம் ஆழமாக இருக்கலாம். முன்பு வந்தவர் டோக்கன் பணத்தைத் தன் கையில் வாங்கி வைத்துக்கொண்டிருப்பார், அல்லது வாங்குபவரிடம் ஒரு விலை, விற்பவரிடம் ஒரு விலை சொல்லி நடுவில் இருந்ததை எடுத்திருப்பார். “இதற்கு முன் யாராவது ஏமாற்றினார்களா?” என்று நேரடியாகக் கேட்காதீர்கள். “முன்பு வந்தவர் வாங்குபவரை உங்களோடு உட்கார வைத்தாரா?” என்று கேளுங்கள், கதை தானாக வரும். மருந்து ஒன்றுதான்: விலை பேசும்போது இருவரும் ஒரே மேஜையில் உட்காருவார்கள், பணம் வாங்குபவர் கணக்கிலிருந்து விற்பவர் கணக்குக்கு நேராகப் போகும் என்று எழுதிக் கொடுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுங்கள். வீட்டு விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அட்வான்ஸ் வாங்குவதை வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வாங்கினால் அதே அளவு அபராதம், அதுவும் வாங்கியவர் தலையில். பல வீட்டுக்காரர்களுக்கு இது தெரியாது. ரொக்கம் வேண்டாம் என்று சொல்லும் தரகரைப் பார்த்தால் அவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

பழைய தரகரோடு காவல் நிலையம், வழக்கு என்று ஏதாவது நிலுவையில் இருந்தால் அது வழக்கறிஞர் வேலை. சமாதானம் பேச நீங்கள் போகாதீர்கள். இரண்டு முறை வேண்டாம் என்று சொன்னவர் வீட்டு மணியை மூன்றாம் முறை அடிக்காதீர்கள்.

அறிகுறி 2: ஆறு மாதமாக விளம்பரம் இருக்கிறது, ஒருவர்கூடப் பார்க்க வரவில்லை

முதலில் அந்த விளம்பர எண்ணுக்கு நீங்களே வாங்குபவர் போலக் காலை பதினொரு மணிக்கு அழையுங்கள். அது பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுடைய எண்ணாக இருக்கும். அவர் அலுவலகக் கூட்டத்தில் இருப்பார். மாலையில் திருப்பி அழைப்பதற்குள் வாங்க நினைத்தவர் வேறு வீடு பார்த்திருப்பார். நான் எடுத்த ‘விற்காத’ வீடுகளில் மூன்றுக்கு நோய் இவ்வளவுதான்.

அடுத்து படம். எரிவாயு உருளையும் கொடியில் துணியும் முன்னால் நிற்க, ஜன்னலை மூடிக்கொண்டு எடுத்த சமையலறைப் படம். காலை ஒன்பது மணிக்கு எல்லாக் கதவையும் திறந்து வைத்து மறுபடி எடுங்கள், அது போதும்.

மாதத்தைப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் பலர் வீடு பேச மாட்டார்கள். அந்த இரண்டு மாதங்களைக் கணக்கில் சேர்த்து ‘ஆறு மாதமாக விற்கவில்லை’ என்று வீட்டுக்காரர் நொந்துபோயிருந்தால் உண்மையில் நாலு மாதம்தான் என்று சொல்லுங்கள். தை பிறக்கும்வரை விளம்பரத்தை நிறுத்தி வைத்துப் புதிதாகப் போடுவது உத்தமம். ஒரே விளம்பரம் மாதக்கணக்கில் தொங்கினால் பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரும்.

இவ்வளவும் சரியென்றால் மிச்சமிருப்பது விலை. இதுதான் கடினமானது, இங்கேதான் நம் ஆட்கள் வாயைத் திறந்து காரியத்தைக் கெடுக்கிறார்கள். “விலை அதிகம் சார்” என்று சொன்னால் “நீ வாங்குபவன் ஆள்” என்று முடிவு கட்டிவிடுவார். நான் வாயால் சொல்வதில்லை. அவர் கேட்கும் அதே விலைக்கு அக்கம்பக்கத்தில் விற்பனைக்கு இருக்கும் இரண்டு வீடுகளுக்கு அவரையே என் வண்டியில் அழைத்துப் போகிறேன், வாங்க வந்தவர் மாதிரி. இரண்டாவது வீட்டில் குளியலறைக் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு “இந்த வீட்டுக்கா இவ்வளவு?” என்பார். திரும்பும் வழியில் நான் பேசுவதில்லை. அவரும் பேச மாட்டார். வாசலில் இறங்கும்போது “நம் வீட்டுக்கு என்ன போகும் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்பார்.

பிறகு வாங்குபவர் கைப்பணக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள். வீடு 80 லட்சம் என்று வையுங்கள். 30 லட்சத்திலிருந்து 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வங்கி சொத்து மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தராது. ஆக அதிகபட்சம் 64 லட்சம். மீதி 16 லட்சம் கையில் வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், சேர்த்து 7 லட்சத்து 20 ஆயிரம். 23 லட்சத்துக்கு மேல் கையில் வைத்திருக்கும் ஆளைத் தேடுகிறோம். அதுவும் வங்கி மதிப்பீட்டாளர் 80 லட்சம் என்று ஒப்புக்கொண்டால்தான். அவர் 70 என்று போட்டால் கடன் 56 ஆகிவிடும், கைப்பணம் 31-ஐத் தாண்டும். விலையைப் பற்றி நான் சொல்லும் எதையும் நம்பாதவர்கள் இந்தக் கணக்கை நம்புகிறார்கள்.

பக்கத்து வீடு எவ்வளவுக்குப் போனது என்று பத்திரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பல பத்திரங்களில் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை ஒட்டிய தொகைதான் இருக்கும். விற்றவரையே போய்க் கேளுங்கள். அப்படியும் ஒத்துவரவில்லை, பத்து லட்சத்துக்கு மேல் வித்தியாசம் நிற்கிறது என்றால் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரை அழையுங்கள். கட்டணத்தை நீங்கள் பாதி, அவர் பாதி. அவரும் பணம் போட்டால்தான் அறிக்கையைப் படிப்பார்.

அறிகுறி 3: வருகிறார்கள், பார்க்கிறார்கள், ‘வீட்டில் கேட்டுச் சொல்கிறோம்’ என்று போய்விடுகிறார்கள்

வந்து போன மூவரை அழைத்துக் காரணம் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்வார்கள். எங்கள் பக்கம் வரும் பதில்கள் அநேகமாக இவைதான்.

வீட்டுக்காரர் அதிகம் பேசுகிறார். ஒவ்வொரு அறையிலும் யாருக்குக் கல்யாணம் பேசினார்கள் என்ற கதை. அன்பாகச் சொல்லி, ஆட்கள் வரும்போது காப்பி குடிக்க அனுப்பிவிடுங்கள்.

தண்ணீர். குழாய் நீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் பேனா மாதிரி ஒரு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, சட்டைப் பையில் வைத்திருங்கள். வீட்டு விலையில் வாங்குபவர் பிடித்துக் கட்டும் வரியைப் போல, அதற்கும் டி.டி.எஸ். என்றுதான் பெயர். இந்தத் தொழிலில் தண்ணீரில் ஒரு டி.டி.எஸ்., பணத்தில் ஒரு டி.டி.எஸ்., இரண்டையும் பார்க்காமல் வீடு முடியாது.

வெள்ளம். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் என்றால் 2015 டிசம்பர், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் என்றால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். வாங்குபவர் உங்களிடம் கேட்டுவிட்டு, தெருமுனை டீக்கடையில் மறுபடி கேட்பார். இரண்டு பதிலும் ஒன்றாக இருக்க வேண்டும். சுற்றுச்சுவரின் உட்பக்கத்தில் நீர் நின்ற கோடு இருக்கிறதா பாருங்கள். தண்ணீர் வந்திருந்தால் எத்தனை அடி, எத்தனை நாள் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லி, அதற்கு ஏற்ற விலையைப் பேசுங்கள். மறைத்து வைத்து முடிச்சுப் போட்ட வீடு அட்வான்ஸுக்குப் பிறகு அவிழும்.

வாஸ்து, தெருக்குத்து. இதில் வாதம் வேண்டாம். தெற்கு வாசல் ஆகாது என்பவரிடம் தெற்கு வாசலை விற்க முடியாது. தெற்குதான் எங்களுக்கு ராசி என்பவர்களும், அதைப் பார்க்காதவர்களும் ஊரில் நிறைய இருக்கிறார்கள். வாசல் திசையை விளம்பரத்தின் முதல் வரியிலேயே போட்டுவிட்டால் வீண் அலைச்சல் குறையும்.

சுவர் ஈரம். காட்டுவதற்கு முந்தின வாரம் அதன்மேல் பெயின்ட் அடிப்பதைப் போல முட்டாள்தனம் இல்லை. புது பெயின்ட் வாசனை வந்த இடத்தில்தான் எல்லோரும் கையை வைத்துப் பார்ப்பார்கள். பூச்சு உதிர்ந்திருந்தால் கொத்தனார் போதும். கூரையிலோ உத்திரத்திலோ கம்பி வெளியே தெரிந்தால், அல்லது விரிசல் தூணில் ஓடினால், கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அவருடைய அறிக்கை வரும்வரை ஒருவரையும் உள்ளே அழைத்துப் போகாதீர்கள்.

அறிகுறி 4: விலை பேசி, அட்வான்ஸ் வாங்கிய பிறகு உடைகிறது. ஒரு முறை இல்லை, இரண்டு மூன்று முறை

இந்த வீடு கிடைத்தால் விடாதீர்கள். வாங்க ஆள் இருக்கிறார்கள், விலையும் சரி. அடைப்பு காகிதத்தில்தான் இருக்கிறது. ‘கடன் கிடைக்கவில்லை என்று போய்விட்டார்கள்’ என்று வீட்டுக்காரர் சொல்வார். வாங்க வந்தவருடைய வங்கி வழக்கறிஞர் எழுதிய கருத்தில் ஒரு காரணம் கண்டிப்பாக இருக்கும், ஆனால் அது வீட்டுக்காரர் கைக்கு வந்திருக்காது. உடைத்துக்கொண்டு போனவரைத் தேடிப் பிடித்து அந்தத் தாளைக் கேளுங்கள். கோபமாக இருந்தாலும் கொடுத்துவிடுவார்கள்.

தாள் கிடைக்காவிட்டால் இந்த வரிசையில் பாருங்கள்.

பட்டா யார் பெயரில்? இணையத்தில் ஐந்து நிமிட வேலை. கிரயம் முடித்துப் பத்து வருடமாகியும் பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். உட்பிரிவு தேவையில்லை என்றால் மாற்றம் எளிது. கூட்டுப் பட்டாவைப் பிரிக்க வேண்டுமென்றால் நில அளவர் வந்து அளக்க வேண்டும், நாள் பிடிக்கும்.

வில்லங்கச் சான்றில் தீராத பதிவு இருக்கிறதா? பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமில்லாமலே பார்க்கலாம். மாடம்பாக்கத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருடைய வீடு. அட்வான்ஸ் மூன்று முறை வந்து மூன்று முறை திரும்பிப் போயிருக்கிறது. “என் வீட்டின்மேல் ஒரு ரூபாய் கடன் இல்லை” என்று அடித்துச் சொன்னார், வங்கி கொடுத்த கடன் முடிந்த கடிதத்தைக்கூட லேமினேட் செய்து வைத்திருந்தார். நான் திண்ணையில் உட்கார்ந்து போனில் வில்லங்கத்தைத் திறந்தேன். நான்காவது பதிவில் ‘உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு’ என்று இருந்தது. அதற்குக் கீழே அதைத் தீர்க்கும் ரசீது ஆவணம் இல்லை. கடனை அடைத்தார், பத்திரத்தைத் திரும்ப வாங்கினார். ஆனால் வங்கி அதிகாரி கையெழுத்திட்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது பதிய வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அதனால் பதிவேட்டில் அந்த வீடு இன்னும் அடமானத்தில் இருந்தது.

வங்கிக் கிளைக்கு இரண்டு நடை, பதிவு அலுவலகத்தில் ஒரு காலை. அவ்வளவுதான். ரசீது பதிந்து வெளியே வந்ததும் “இதற்கு எவ்வளவு தம்பி?” என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் ஐயா என்றேன். “அப்படியென்றால் சாவி உங்களிடமே இருக்கட்டும்” என்றார். நான் கேட்கவே இல்லை.

கட்டட அனுமதி. கீழ்த்தளத்துக்கு வரைபடம் இருக்கும், மாடிக்கு இருக்காது. அப்படியானால் வங்கி மாடியை மதிப்பில் சேர்க்காமல் விடலாம், அல்லது கடனே வேண்டாம் என்று சொல்லலாம். ஒன்றுக்கு இரண்டு வங்கியில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வரன்முறை செய்ய முடியுமா என்பதை உரிமம் பெற்ற பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும்.

மூலப் பத்திரம் தொலைந்தது. காவல் நிலையத்தில் புகார், நாளிதழில் அறிவிப்பு, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, பிறகு சான்றிட்ட நகல். மாதக்கணக்கில் ஆகும். நகல் போதும் என்று சொல்லி யாரிடமும் அட்வான்ஸ் வாங்க விடாதீர்கள்.

வாரிசு. அப்பா பெயரில் வீடு, அப்பா உயிலில்லாமல் இறந்துவிட்டார், அண்ணன் தம்பி இருவரும் விற்கிறார்கள். “உங்களுக்குச் சகோதரிகள் உண்டா?” என்று கேளுங்கள். ‘அவளுக்குக் கல்யாணத்தில் எல்லாம் செய்துவிட்டோம்’ என்ற பதில் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். செய்ததெல்லாம் சரி, அவருடைய கையெழுத்தும் வேண்டும். எல்லோரும் ஒத்துக்கொண்டால் வாரிசுச் சான்று வாங்கி மேலே போகலாம். ஒருவர் முறுக்கினாலும், பாகப் பிரிவினை வழக்கு இருந்தாலும், மைனர் பங்கு இருந்தாலும் வழக்கறிஞரிடம் அனுப்பிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். மைனர் பங்குக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும், நம் சாமர்த்தியம் அங்கே செல்லாது. அது தீரும்வரை அந்த வீட்டை விளம்பரம் செய்யவும் கூடாது.

அறிகுறி 5: “பத்து பேரிடம் சொல்லியிருக்கிறேன், நீங்களும் ஆள் கூட்டி வாருங்கள்”

அவர் தவறு செய்யவில்லை, இங்கே வழக்கம் அதுதான். ஆனால் பத்து தரகர் கையில் இருக்கும் வீட்டை ஒருவரும் சுமப்பதில்லை.

மறுத்துப் பேசாமல் போனை எடுத்து அவர் வீட்டையே தேடிக் காட்டுங்கள். ஒரே வாசல், ஒரே வேப்பமரம், ஓர் இடத்தில் 78 லட்சம், இன்னொன்றில் 82, மற்றொன்றில் 85. வாங்குபவர் 78-ஐப் பார்த்துவிட்டு 72-க்குக் கேட்பார். இதைக் காட்டியபின் அறுபது நாள் மட்டும் தனியாகக் கேளுங்கள், எழுத்தில். அந்த அறுபது நாளில் நீங்கள் செய்யப்போவது என்ன, வாரம் எந்தக் கிழமை அவருக்குத் தகவல் சொல்வீர்கள், பிடிக்காவிட்டால் ஒரு குறுஞ்செய்தியில் அவர் விலகலாம், அவருடைய உறவினரே வாங்கினால் உங்களுக்கு ஒன்றும் தர வேண்டாம். கடைசி இரண்டையும் எழுதத் தயங்குகிறவர்களுக்கு அறுபது நாள் கிடைக்காது.

அறிகுறி 6: கமிஷன் என்றதும் முகம் மாறுகிறது

ஒரு சதவீதமோ இரண்டோ, முதல் நாளே சொல்லுங்கள். கிரயம் பதிவாகும் அன்றுதான் வாங்குவேன், அட்வான்ஸ் அன்று இல்லை என்றும் சொல்லுங்கள். முகம் மாறுவது பெரும்பாலும் தொகைக்காக இல்லை, வேலை நடக்குமுன் கேட்பதற்காக. கேட்டவுடனே குறைத்துவிடாதீர்கள். தன் காசையே பத்து வினாடியில் விட்டுக்கொடுத்தவன் என் விலையை எப்படிக் காப்பாற்றுவான் என்று அவர் நினைப்பார், நியாயம்தானே.

அறிகுறி 7: எல்லாம் சரி, ஆனால் நாளை நாளை என்று தள்ளுகிறார்

வரி பயமா பாருங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். விற்ற லாபத்துக்கு மேற்கொண்டு எவ்வளவு வரி போகும் என்று தெரியாமல் பயந்துகொண்டிருப்பார்கள். இன்னொரு வீடு வாங்கினால் விலக்கு உண்டா என்பதையெல்லாம் நீங்கள் விளக்காதீர்கள், தணிக்கையாளரிடம் அழைத்துப் போங்கள். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் விலை பேசுவதற்கு முன்பே அழைத்துப் போங்கள். அங்கே அந்த 1 சதவீதம் பொருந்தாது, பிடிப்பது அதைவிடப் பல மடங்கு. குறைத்துப் பிடிக்க வருமான வரித் துறையிடம் சான்று வாங்க நேரம் வேண்டும். தனக்குப் பதிலாகக் கையெழுத்திட அப்பாவுக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) அனுப்புவதாகச் சொன்னால் அந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகமோ நோட்டரியோ சான்றிட்டு வர வேண்டும் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

வரி பயமும் இல்லையென்றால் ஒரே ஒரு கேள்வி மிச்சம்: “விற்ற பிறகு எங்கே குடியிருப்பீர்கள்?” இதற்குப் பதில் வைத்திருப்பவர் விற்பார். பதில் சொல்லாமல் மனைவியைப் பார்ப்பவர் விற்க மாட்டார், இப்போது இல்லை.

ராஜகீழ்ப்பாக்கத்தில் அப்படி ஓர் அம்மா இருக்கிறார். பத்திரம் பக்கா, பட்டா பக்கா, தண்ணீர்கூட இனிப்பு. ஐந்து வருடமாகப் பலகை தொங்குகிறது. அந்தக் கேள்வியை நான் கேட்டபோது எழுந்து கொல்லைப்பக்கம் போய், முருங்கைக்காய் பறித்து வந்து கொடுத்தார். ஒவ்வொரு தையிலும் எட்டிப் பார்க்கிறேன். காய் கொடுக்கிறார், வீட்டைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.